லயத்து நாயும் புளிக் குழம்பும்

பொல்பிட்டியவிலிருந்து ஆசிரியர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வீட்டு நாய்க்குக் கொத்தமல்லித் தழையும் கறிவேப்பிலையும் புதினாவும் கலந்த சோறு போடலாமா, அவற்றில் ஏதேனும் நஞ்சு உண்டா என்பதே கேள்வி. ஆங்கில நூலொன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் பார்ஸ்லியும் ரோஸ்மேரியும் ஒரேகானோவும் இருந்தனவாம். தோட்டத்து லயத்தில் வளரும் இலைகளில் பாதிக்கு மேல் அதில் இல்லை. "எங்கள் அடுப்புக்கு யார் புத்தகம் எழுதுவார்கள்?" என்று கேட்டிருந்தார்.

நான் மிருக வைத்தியன் அல்லன், பழைய பத்திரிகைக்காரன். ஆயினும் அவருடைய இரண்டாவது கேள்விக்குள் ஒரு வரலாறு இருப்பதாக எனக்குப் பட்டது. நாய் என்ன தின்னலாம், என்ன தின்னக் கூடாது என்ற அறிவு யாருடைய சமையலறையில், எந்த ஆண்டில், எதற்காகச் சேர்க்கப்பட்டது? அதைத் தேடிப் போனால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்களத்தில் 'பொல்' என்றால் தென்னை, 'பிட்டிய' என்றால் திடல். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் ஒன்றாகிக் களனி கங்கை என்ற பெயரைப் பெறும் பகுதி அது. 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 75 மெகாவாட் நீர்மின் நிலையத்தால் நாடறிந்த பெயரானது. மேலே ஏறினால் கினிகத்தேன, வட்டவளை, ஹட்டன். கீழே இறங்கினால் கித்துல்கல. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் மலைச்சரிவுகள் இவை. ஈரம் குறையாத அந்த மண்ணில் பீலிக்கரையில் எதை ஊன்றினாலும் தளைக்கும். வல்லாரை, ரம்பை, எலுமிச்சைப் புல், புதினா, ஒரு கறிவேப்பிலைக் கன்று என்று லயத்தைச் சுற்றிப் பார்த்தாலே ஒரு சமையல் தோட்டம் தெரியும். ஆனால் அந்த அடுப்புக்கு இன்றியமையாத இரண்டு பொருள்கள் அங்கே விளைவதில்லை. ஒன்று வெங்காயம், மற்றது புளி. இரண்டும் வெளியிலிருந்து லொறியில் ஏறி வருபவை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாய் வந்த கதை

இலங்கையின் வரலாற்று நூலான மகாவம்சத்தில் விஜயன் கரையிறங்கியதும் அவன் ஆட்கள் காணும் முதல் உயிர்களுள் ஒன்று ஒரு பெண் நாய். அது உண்மையில் இயக்கியின் மாற்றுருவம் என்கிறது கதை. தலைவன் தடுத்தும் ஒருவன் அதன் பின்னால் போகிறான். நாய் இருந்தால் அருகில் ஊர் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. இயக்கியை நம்ப வேண்டியதில்லை. அந்தக் கணக்கை நம்பலாம். நாய் என்றால் அடுப்பு, அடுப்பு என்றால் மனிதர் என்பதை அந்நூலை எழுதியவர்கள் விளக்கம் வேண்டாத உண்மையாகவே கொண்டிருந்தனர்.

அதற்கும் வெகுகாலம் முன்னரே நாய் இங்கே இருந்திருக்கிறது. பெல்லன்பெந்திபெலஸ்ஸ என்னும் இடைக்கற்காலத் தளத்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, பலாங்கொடை மனிதர் என அழைக்கப்படுவோர் நாய் வளர்த்திருக்கலாம் என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். தமிழகத்துச் சான்று இன்னும் தெளிவானது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காத்து இறந்த வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். அது இரண்டு கள்வரைக் கடித்து நின்ற செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாய்க்குப் பெயரும் கல்லும் கொடுத்த சமூகம் நம்முடையது.

அந்த நாய்க்கு என்ன சோறு போட்டார்கள் என்று கல் சொல்லவில்லை. ஆனால் நாயின் உடலே ஒரு சான்று வைத்திருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அதைப் படித்துக் காட்டியது. மாச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே உண்டு. நாயிடமோ நான்கு முதல் முப்பது வரை உண்டு. ஓநாயின் வழித்தோன்றல், மனிதனின் தானியக் களத்தருகே வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக மிச்சச் சோற்றுக்கும் கஞ்சிக்கும் தன்னைப் பழக்கிக்கொண்டது என்பது இதன் பொருள். நம் வீட்டு நாய் சோறு தின்பது வறுமையால் வந்த வழக்கம் மட்டும் அன்று; அதன் குடலில் எழுதப்பட்ட வரலாறும் ஆகும்.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. சோற்றுக்குப் பழகிய உடல், சோற்றின் மேல் ஊற்றிய எல்லாவற்றுக்கும் பழகிவிடவில்லை.

இரண்டு தட்டுகள்

மலையகத்தில் நாய்க்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று பங்களா நாயின் வரலாறு, மற்றது லயத்து நாயின் வரலாறு. முதலாவது நிறைய எழுதப்பட்டிருக்கிறது.

1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஒரு குடியேற்றத்தை அமைத்தார். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றும் வைத்திருந்தார். அந்த நாய்களோடு மரைகளைத் துரத்திய கதைகளை அவர் நூலாக எழுதி, அது 1850களில் இலண்டனில் வெளியாயிற்று. அவருடைய நாய்களின் பெயர்கள் இன்றும் அந்நூலில் கிடைக்கின்றன. பேக்கர் 1855இல் இலங்கையை விட்டுப் போனார். ஐரோப்பியக் காய்கறி மட்டும் மலையில் நிலைத்தது. இன்று நுவரெலியா என்றதும் நினைவுக்கு வரும் லீக்ஸ் அந்தக் காய்கறி மரபைச் சேர்ந்ததே. லீக்ஸ் வெங்காயக் குடும்பத்துச் செடி. சீமை வேட்டை நாயும் அதற்கு ஆகாத செடியின் மரபும் ஒரே மலைக்கு ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன என்பது வரலாற்றின் விளையாட்டு.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்தில் நாய்க்கெனத் தனி உணவு விற்பனைக்கு வந்தது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் 1860களில் தொடங்கிய நாய் பிஸ்கட் வணிகமே அதன் தொடக்கம். அவரிடம் வேலை பார்த்த சார்ள்ஸ் க்ரஃப்ட் என்பவர்தான் 1891இல் தம் பெயரில் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். வசதியுள்ளவரின் நாய் அவருடைய தட்டிலிருந்து பிரிந்து தனக்கென ஒரு தட்டைப் பெற்றது அப்போதுதான்.

லயத்து நாய்க்கு அந்தப் பிரிவு நேரவில்லை. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு அரிசி கூலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. அந்த அரிசி இந்தியாவிலிருந்து வந்தது. அதன் விலை கூலியில் கழிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சக் கூலியோடு அரிசி விலையையும் சேர்த்தே வகுத்தது. அளந்து கொடுத்த அரிசியில் நாய்க்கென ஓர் அளவு இருக்க முடியாது. மனிதர் தின்று மிஞ்சியதே நாயின் பங்கு. 1973-74 பஞ்ச காலத்தில் அரிசி போய் மாவு வந்தது, பின்னர் மாவும் அரிதாயிற்று, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அப்போது மிச்சம் என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போயிற்று.

இந்த நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயரையும் இங்கே குறிக்க வேண்டும். தமிழ்ச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட் பிரிவின் பெயரை எடுத்து, ஊர் நாய்க்குப் பெயராக ஆங்கிலத்தில் வழங்கினார்கள். அகராதிகளிலும் அது ஏறியது. தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட மக்களில் பெரும்பகுதியினர் அப்படி ஒடுக்கப்பட்ட பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். மனிதரையும் நாயையும் ஒரே சொல்லால் தள்ளி வைத்தவர்கள், அந்த நாய் என்ன தின்கிறது என்று குறித்து வைத்திருப்பார்கள் என எதிர்பார்க்க முடியாது.

சட்டமும் அப்படியே. நீர்வெறுப்பு நோய் தொடர்பான கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907இல் வந்தது. முதலிரண்டும் நாயால் மனிதனுக்கு வரும் ஆபத்தைப் பற்றியவை. அந்த ஆபத்து பெரிது என்பதில் ஐயமில்லை: 1973ஆம் ஆண்டு ஒன்றிலேயே இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் இறந்தனர். தடுப்பூசிகளால் அந்தத் தொகை பின்னர் பெரிதும் குறைந்தது. தெரு நாய்களைக் கொல்வதை அரசு 2006இல் கைவிட்டது. நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த ஆண்டுகளில் மலையகச் செய்திகளில் நாய் இடம்பெற்றது இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று, அது யாரையாவது கடித்திருக்க வேண்டும். அல்லது அதைச் சிறுத்தை தூக்கிச் சென்றிருக்க வேண்டும். அடுப்படியில் இறந்த நாய் எந்தப் பதிப்பிலும் செய்தியாகவில்லை.

வெங்காயம் பிடிபட்ட விதம்

வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பது எப்படித் தெரிய வந்தது? அந்தக் கதையும் ஓர் ஏழை அடுப்பிலிருந்தே தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெலக்ரா என்ற நோய் பரவியிருந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து மக்கள் இறந்தார்கள். அது தொற்றுநோய் அன்று. சோள மாவையும் பன்றிக் கொழுப்பையும் வெல்லப்பாகையும் மட்டுமே தின்று வாழும் ஏழைகளின் உணவுக் குறைபாடு என்று அரச சுகாதாரத் துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். அதே உணவைத் தின்ற நாய்களுக்கு 'கருநாக்கு' என்ற நோய் வந்தது. மனிதரின் பெலக்ராவும் நாயின் கருநாக்கும் ஒரே குறையின் இரு வடிவங்கள் என்று கண்டு, எந்த உணவு நோயைத் தடுக்கும் என்பதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கோல்ட்பெர்கர் 1929இல் காலமானார். அவரோடு பணியாற்றிய செப்ரெல் என்ற மருத்துவர் 1930இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெங்காயம் தின்ற நாய்களுக்கு இரத்தசோகை வருகிறது என்பதே அதன் செய்தி. கருநாக்கைத் தீர்ப்பது நிகோடினிக் அமிலம் என்று 1937இல் எல்வெஹெம் கண்டுபிடித்ததும் பெலக்ராவின் கதை முடிவை நெருங்கியது. வெங்காயத்தின் கதை மிருக வைத்திய நூல்களுக்குள் போய் அமர்ந்துகொண்டது.

நடப்பது இதுதான். வெங்காயம், சின்ன வெங்காயம், உள்ளி, லீக்ஸ், வெங்காயத்தாள் ஆகியவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. சேதமுற்ற அணுக்களை உடல் உடைத்து அகற்றுகிறது. ஈறு வெளிறுகிறது, நாய் சோர்ந்து படுக்கிறது, சிறுநீர் செம்பழுப்பாகப் போகிறது. இது உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே தெரியும். சமைத்தாலும் காய வைத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போவதில்லை. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உள்ளே போனால் இரத்தத்தில் கருதத்தக்க மாற்றம் காணப்படுவதாக நூல்கள் கூறுகின்றன. பன்னிரண்டு கிலோ எடையுள்ள நாய்க்கு அது 180 முதல் 360 கிராம் வரை ஆகும். பெரிய பம்பாய் வெங்காயத்தில் இரண்டு மூன்று என்று கொள்ளலாம். பூனைக்கோ கிலோவுக்கு ஐந்து கிராமே போதும்.

ஆகவே ரொட்டியில் ஒட்டிய சம்பலை ஒரு நாள் நக்கியதால் நாய் இறந்துவிடாது. அச்சுறுத்துவது என் நோக்கமன்று. பழைய லயத்தில் வெங்காயம் எண்ணி உரித்த பொருள். நாய் வரையில் அது வந்து சேர்ந்ததே குறைவு. இன்று நிலைமை வேறு. திருவிழா முடிந்த பிறகு அண்டாவின் அடியில் மிஞ்சும் மசாலா, கல்யாண வீட்டுப் பிரியாணி, ஹட்டன் பஸ் நிலையத்துக் கடை வாசலில் கொட்டப்படும் கொத்து ரொட்டி ஆகியவற்றில் வெங்காயமும் லீக்ஸும் கைப்பிடிக் கணக்கில் உண்டு. குட்டிகளும் சிறிய நாய்களும் தினந்தோறும் அதையே தின்னும் நாய்களும் எளிதில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். பூச்சிக்கு நல்லது என்று நாய்க்கு உள்ளி அரைத்துக் கொடுக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், உள்ளிச் சாறு ஏழு நாட்கள் கொடுக்கப்பட்ட நாய்களின் சிவப்பணுக்களிலும் அதே சேதம் காணப்பட்டது. பூச்சிக்கு மருந்து மருந்துக்கடையில் உண்டு, உள்ளியை விட்டுவிடலாம்.

புளி பட்டியலில் ஏறிய ஆண்டு

இனி நம் அடுப்புக்கே உரிய செய்திக்கு வருகிறேன்.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது 2000ஆம் ஆண்டையொட்டித்தான் மருத்துவ உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் மிருகங்களுக்கான நஞ்சு ஆலோசனை மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2001இல் அதை எழுதினார்கள். எந்தப் பொருள் நஞ்சு என்பது மட்டும் இருபது ஆண்டுகள் புரியவில்லை. சில நாய்கள் கொத்துக் கொத்தாகத் தின்றும் நன்றாக இருந்தன, சில நாய்கள் கொஞ்சம் தின்றே இறந்தன. பிறகு, பேக்கிங்குக்குப் பயன்படும் டார்டார் உப்பைத் தின்ற நாய் ஒன்றுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததைக் கவனித்தார்கள். டார்டாரிக் அமிலமே குற்றவாளியாக இருக்கக் கூடும் என்ற கருத்தை 2021இல் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு, 2022இல், அவசர சிகிச்சைக்கான மிருக வைத்தியச் சஞ்சிகையில் வெளியான கட்டுரை இன்னொரு பொருளையும் அருகில் நிறுத்தியது. அது புளி.

புளியின் சதையில் நூற்றுக்கு எட்டு முதல் பதினெட்டுப் பங்கு வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. உணவுப் பொருள்களில் இவ்வளவு கொண்டவை மிகக் குறைவு. மனிதனின் சிறுநீரகம் அதைக் கழித்துவிடுகிறது. நாயின் சிறுநீரகத்தில் அதற்கான வழி சரிவர இல்லாமையால் அமிலம் அணுக்களுக்குள் தேங்கிக் கெடுக்கிறது என்பது ஆய்வாளரின் விளக்கம். புளியைத் தின்ற நாய்களுக்கு வாந்தியும், தொடர்ந்து சிறுநீரகப் பாதிப்பும் ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது.

இந்தக் காலவரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெங்காயம் 1930இல் தெரிந்தது, திராட்சை 2001இல் தெரிந்தது, புளி 2022இல்தான் தெரிந்தது. பல நூற்றாண்டுகளாகப் புளி கரைத்துச் சமைக்கும் நம்மிடையே அது பிடிபடவில்லை. எங்கே நாய்க்கு நோய் வந்தால் தொலைபேசியில் கேட்க ஓரிடமும், கேட்டதை எழுதி வைக்க ஒருவரும் இருந்தார்களோ அங்கேதான் பிடிபட்டது. நம் பக்கத்தில் நாய்கள் இதனால் சாகவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. வெங்காயத்தால் வெளிறிச் சோர்ந்து சிறுநீர் சிவக்கும் நாயைப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் போலவே இருக்கும். உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டில் மலிந்தது. புளியால் சிறுநீரகம் கெட்டு வாந்தியெடுக்கும் நாய் எலிக் காய்ச்சல் கண்ட நாய் போலத் தோன்றும். அல்லது யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து லயத்தின் மேல் சந்தேகம் விழும். அடுப்பின் மேல் சந்தேகம் விழுந்ததில்லை.

புளிய மரம் வரண்ட நிலத்து மரம். வட்டவளை மழையில் அது நின்று காய்ப்பதில்லை. மலைநாட்டுச் சிங்கள வீடுகளில் மீன் கறிக்குப் போடும் கொறுக்காய்ப்புளி வேறு மரத்தின் காய். அதன் முதன்மை அமிலமும் வேறு. புளிக் குழம்பும் ரசமும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த சுவை. ஊரையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் விடாமல் வைத்திருந்த சிலவற்றுள் அதுவும் ஒன்று. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சுவையை நாயோடு பங்கிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பங்களா நாய் மட்டும் தப்பியது என்று எண்ண வேண்டாம். இலங்கையின் கிறிஸ்மஸ் கேக்கில் நம்மவர் 'பிளம்ஸ்' என்று சொல்லும் உலர்ந்த திராட்சை நிறைந்திருக்கும். துரை வீட்டு மேசையிலிருந்து அன்போடு நீட்டப்பட்ட ஒரு துண்டு, லயத்து ரசச் சோற்றைவிடக் கேடானதாகவும் இருந்திருக்கலாம்.

இலைகளின் கணக்கு

ஆசிரியர் கேட்ட இலைகளுக்கு இப்போது விடை சொல்வது எளிது.

கொத்தமல்லித் தழை நாய்க்கு நஞ்சன்று. துளசி வகையில் சமையலுக்குப் பயன்படுவதும் நஞ்சன்று. ஆங்கில நூல்கள் சொல்லும் ரோஸ்மேரியின் சாறு நாய் உணவு கெடாதிருக்கவே சேர்க்கப்படுவதுண்டு. கறிவேப்பிலையும் ரம்பையும் வல்லாரையும் நஞ்சுப் பட்டியல்களில் இடம்பெறுபவை அல்ல. சோற்றில் இரண்டு இலை கிடந்தால் ஒதுக்கித் தள்ளிவிட்டு நாய் தன் வேலையைப் பார்க்கும். புதினாவும் எலுமிச்சைப் புல்லும் சிறிதளவில் தொல்லை தருவதில்லை. அதிகம் தின்றால் அவற்றின் எண்ணெய் வயிற்றைக் கலக்கி வாந்தியோ கழிச்சலோ உண்டாக்கும். பார்ஸ்லியும் ஒரேகானோவும் அப்படியே: சிட்டிகை போதும், கட்டு ஆகாது. சீமைப் பிரிஞ்சி இலையைத் தவிர்ப்பது நல்லது.

இலை வேறு, இலையிலிருந்து வடித்த எண்ணெய் வேறு. புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிராயல் என்ற செடியின் எண்ணெயை உண்ணிக்காகப் பூசியதில் அமெரிக்காவில் ஒரு நாய் ஈரல் கெட்டு இறந்ததை 1992இல் அங்குள்ள மிருக வைத்தியச் சஞ்சிகை பதிவு செய்தது. வடித்த எண்ணெய் எதுவாயினும் நாயின் தோலிலோ தட்டிலோ படக்கூடாது. கண்டி, கேகாலைப் பக்கங்களில் விளையும் சாதிக்காயும் அதிகமானால் நாய்க்கு நடுக்கமும் மயக்கமும் தரும்.

நாய் தானாகவே புல்லைக் கடிப்பதைப் பார்த்து, எந்தப் பச்சிலை மருந்து என்பது அதற்குத் தெரியும் என்று நம்புவோர் உண்டு. 2008இல் கலிபோர்னியாவில் 1,500க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்த ஆய்வு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. புல் தின்ற நாய்களில் முன்னதாக நோய்வாய்ப்பட்டிருந்தவை மிகச் சிலவே. தின்ற பின் அடிக்கடி வாந்தியெடுத்தவையும் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். புல் மேய்வது நாய்க்கு இயல்பு. அதை வைத்தியம் என்று சொல்வதற்கில்லை.

ஆக, நாம் கண்ணால் கண்டு அஞ்சும் பச்சை இலைகளில் ஆபத்து குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும் புளியிலும், வதங்கிக் குழைந்த வெங்காயத்திலும்தான் ஆபத்து. பீலிக்கரையில் முளைத்தவை பெரும்பாலும் நாயை ஒன்றும் செய்வதில்லை. லொறியில் வந்த இரண்டுமே கெடுக்கின்றன.

எதற்காக இவ்வளவும்

ஒரு நாய்க்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கக் கூடும். லயத்து நாய் பொழுதுபோக்குக்கு வளர்ப்பது அன்று. தோட்டத்து மரக்கறிப் பாத்தியில் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரைப்பது அதுதான். விடியற்காலைப் பிரட்டுக்குப் புறப்படும் பெண்ணுக்கு முன்னால் புற்றையும் புதரையும் மோந்து போவதும் அதுதான். சிறுத்தை நடமாட்டத்தை வீட்டாருக்கு முதலில் உணர்த்துவதும் அதுதான். பல வேளைகளில் அந்த அறிவிப்புக்கு அது உயிரையே விலையாகக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட நாய் நோயுற்றால், நாட்கூலியில் வாழும் குடும்பம் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மிருக வைத்தியரைத் தேடிப் போவது எளிதான காரியமன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் மலைநாட்டிலேயே இருக்கிறது. ஆனால் பொல்பிட்டியவின் ஒரு லயத்திலிருந்து அது எவ்வளவு தொலைவு என்பதை நடந்தவர்தான் அறிவார். வைத்தியம் எட்டாத இடத்தில் முன்னறிவு ஒன்றே மருந்து. அதற்குச் செலவும் இல்லை.

செய்ய வேண்டியது சிறியது. சோறு வடித்தவுடன், குழம்பு ஊற்றுவதற்கு முன்னரே நாயின் பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும். அதில் வேக வைத்த பருப்பையோ, மீன் அவித்த நீரையோ, முள் நீக்கிய மீனையோ பிசையலாம். தாளிப்பதற்கும் சம்பாரம் சேர்ப்பதற்கும் முன்பாக எடுத்ததாக இருக்க வேண்டும். விருந்து முடிந்தால் மிச்சத்தைக் கொட்டும் குழியை மூடி வைக்க வேண்டும். புளிக் கொட்டையும் சக்கையும் பிழிந்து முற்றத்தில் எறியக் கூடாது. நாய் வெங்காயமோ உள்ளியோ நிறையத் தின்றுவிட்டது தெரிந்தால் அன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஒரு வாரம் வரை ஈறின் நிறத்தையும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்து வர வேண்டும். புளியோ திராட்சையோ தின்றிருந்தால் காத்திருக்கவே கூடாது. வாந்தி தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்வதே நல்லது. உண்ணிக் காய்ச்சல் என்று வைத்தியர் கருதினாலும் நாய் இரண்டு மூன்று நாளாக என்ன தின்றது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையையே மாற்றக் கூடும்.

பொல்பிட்டிய ஆசிரியரின் முதல் கேள்விக்கு விடை: கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் போடலாம், புதினாவைக் குறைத்துப் போடலாம், நாய் தின்றால்தான் உண்டு. இரண்டாவது கேள்விக்கு, எங்கள் அடுப்புக்கு யார் புத்தகம் எழுதுவார்கள் என்பதற்கு, நான் சொல்லக் கூடியது ஒன்றே. பெலக்ரா கண்ட ஏழையின் தட்டை யாரோ கவனித்ததால்தான் வெங்காயத்தின் குணம் தெரிய வந்தது. அவர் ஓர் ஆசிரியர். அவருடைய வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு நாய் இருக்கும். எந்த நாய் என்ன தின்றது, எத்தனையாம் நாள் சோர்ந்தது, எப்போது தேறியது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லட்டும். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கொப்பியைப் பேராதனைக்கு அனுப்பட்டும். புளியைப் பற்றி அமெரிக்காவிலிருந்து 2022இல் கேட்டறிந்தோம். அடுத்ததை நம் பக்கத்திலிருந்து யாரேனும் முதலில் சொல்லலாம்.